காற்று குறைந்தால் கேஸ் போனதாக அர்த்தமா? கார் ஏசி சென்சார் பழுதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உளுந்தூர்பேட்டை தாண்டும்போது அண்ணனின் காரில் ஏசிக் காற்று குறைய ஆரம்பித்தது. புளோயர் முழு வேகத்தில் இரைகிறது. வென்ட்டில் கை வைத்தால் யாரோ மூச்சு விடுவது போலத்தான் இருக்கிறது. திருச்சியில் ஒரு பட்டறையில் விட்டார். முக்கால் மணி நேரம் காத்திருந்து, கேஸ் டாப்-அப் முடிந்ததும் ஏசி ஜில்லென்று வந்தது. பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பியவர், துவரங்குறிச்சி வருவதற்குள் போன் செய்தார்: "கேஸ் மறுபடி போயிடுச்சுடா, எங்கேயோ லீக்."

கேஸ் எங்கும் போகவில்லை. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் மேல் ஐஸ் கட்டிக் காற்றை அடைத்திருந்தது. பட்டறையில் நின்ற நேரத்தில் ஐஸ் கரைந்தது, காற்று வந்தது. டாப்-அப்புக்கு அதில் பங்கே இல்லை. அளவுக்கு மேல் ஏற்றிய கேஸ் அழுத்தத்தைக் கூட்டி கம்ப்ரசருக்குத்தான் கேடு செய்யும். எத்தனை கிராம் கேஸ் வேண்டும் என்று பெரும்பாலான கார்களில் பானெட்டின் அடியில் ஸ்டிக்கரே இருக்கிறது. எடை போடாமல் கண்மதிப்பில் ஏற்ற விடாதீர்கள்.

காயிலில் ஐஸ் கட்டியிருக்கிறதா, ஏசிக் காற்றை வடிகட்டும் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பிரித்தறிவது எளிது. ஃபில்டர் அடைத்திருந்தால் கிளம்பும்போதே காற்று குறைவாக இருக்கும். ஐஸ் என்றால் முதலில் நன்றாக வந்து, ஓட ஓடக் குறையும். ஏசி பட்டனை மட்டும் அணைத்துவிட்டு புளோயரை ஓட விடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் காற்று திரும்பி, வண்டிக்கு அடியில் தண்ணீர் வழக்கத்தைவிட அதிகமாகக் கொட்டினால் அது ஐஸ்தான்.

காயிலின் தகடுகளுக்கு நடுவே செருகியிருக்கும் சிறிய சென்சார், காயில் உறைநிலைக்கு அருகே வந்ததும் ஏசியை இயக்கும் மின்னணுப் பெட்டியான கன்ட்ரோலருக்குச் சொல்ல வேண்டும். கன்ட்ரோலர் கம்ப்ரசரை நிறுத்தும், அல்லது வேலையைக் குறைக்கும். இங்கேதான் பலர் தலைகீழாக யோசிக்கிறார்கள். "ஐஸ் கட்டுகிறது, அதனால் சென்சார் வயர் அறுந்திருக்கும்" என்பார்கள். இந்த வகை சென்சாரில் குளிர்ச்சி கூடக் கூட மின்தடை கூடும். வயர் அறுந்தால் தடை எல்லையில்லாமல் போகும். கன்ட்ரோலர் அதைக் கடும் குளிர் என்று எடுத்துக்கொண்டு கம்ப்ரசரைப் போடவே போடாது. ஆகவே ஐஸ் கட்டினால், சென்சார் உண்மையைவிடச் சூடாகக் காட்டுகிறது என்றுதான் சந்தேகிக்க வேண்டும்.

அண்ணன் வண்டியில் சென்சாரைக் கழற்றி, ஐஸ் போட்ட தண்ணீர் டம்ளரில் அதன் நுனியை மட்டும் முக்கினேன். சென்சார் சொல்லும் எண்ணைக் கன்ட்ரோலரிலிருந்து படித்துக் காட்டும் கருவியான ஸ்கேனரில் எண் மெல்ல இறங்கி 1 டிகிரியில் நின்றது. சென்சார் நல்ல சென்சார்! முந்தைய வருடம் கூலிங் காயில் மாற்றியபோது அதைத் தகடுகளுக்குள் சரியாகச் செருகாமல் விட்டிருந்தார்கள். பாவம், அது தன்னைச் சுற்றியிருந்த காற்றின் வெப்பத்தைச் சரியாகவே சொல்லிக்கொண்டிருந்தது. புதிதாக ஒன்றை வாங்கி அதே இடத்தில் தொங்கவிட்டிருந்தால் பணம்தான் தண்டம்.

அதனால் பாகம் வாங்கும் முன், கன்ட்ரோலர் இப்போது என்ன எண்ணைப் படிக்கிறது, அது உண்மையாக இருக்க முடியுமா என்று பாருங்கள். இதற்கு விடியற்காலைதான் நல்ல நேரம். இரவெல்லாம் நிழலில் நின்ற வண்டியில் இக்னிஷனை மட்டும் போட்டு, ஸ்கேனரில் வெளிக்காற்று, கேபின், காயில், கூலன்ட் ஆகிய நான்கு வெப்பநிலைகளையும் பாருங்கள். எல்லாம் ஓரிரு டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒன்று மட்டும் பத்து டிகிரி விலகி நின்றால் அங்கே தோண்டலாம்.

ஸ்கேனரில் பழுதுக் குறியீடு (கோடு) வந்ததும் சென்சாரை மாற்றுவது அடுத்த தவறு. 'சென்சார் சர்க்யூட்' என்று கோடு சொன்னால் சென்சார், கனெக்டர், எலி கடித்த வயர், கன்ட்ரோலர் என நான்கில் எதுவும் இருக்கலாம். அழிப்பதற்கு முன் அந்தக் குறியீட்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயர் சென்சார் என்றால் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள்: ஸ்கேனர் பெரும்பாலும் மைனஸ் 40 டிகிரி அளவுக்குப் போக வேண்டும். பிறகு வயர் பக்க முனைகள் இரண்டையும் ஒரு சிறு வயரால் இணையுங்கள்: உச்ச வெப்பம் காட்ட வேண்டும். இரண்டும் நடந்தால் வயரிங்கும் கன்ட்ரோலரும் நலம், சென்சாரைச் சந்தேகிக்கலாம். எண் அசையவே இல்லையென்றால் புது சென்சார் போட்டும் பயனில்லை.

இந்தச் சோதனையை மூன்று வயர் உள்ள கேஸ் பிரஷர் சென்சாரில் மட்டும் செய்யவே செய்யாதீர்கள். அதில் ஒன்று 5 வோல்ட் சப்ளை. அதை எர்த்தோடு சேர்த்தால் அதே சப்ளையைப் பகிரும் மற்ற சென்சார்களும் சேர்ந்து படுக்கலாம். பிரஷர் சென்சாருக்கு வேறு வழி இருக்கிறது. வண்டி பல மணி நேரம் நின்றபின் அழுத்தம் அளக்கும் கேஜ் மாட்டி, அந்த எண்ணையும் ஸ்கேனர் எண்ணையும் ஒப்பிடுங்கள். ஆர்-134ஏ கேஸ் என்றால் 30 டிகிரியில் கேஜ் ஏறக்குறைய 97 பிஎஸ்ஐ காட்டும். சில ஸ்கேனர்கள் காற்றழுத்தத்தையும் சேர்த்துக் காட்டுவதால் 14, 15 பிஎஸ்ஐ வித்தியாசம் வரும். அது பழுது இல்லை. இன்னொன்று, இந்த அழுத்தம் கேஸ் போதுமான அளவு இருப்பதற்குச் சான்றாகாது. சிறிதளவு திரவம் மிஞ்சியிருந்தாலும் இதே எண்தான் வரும்.

முன் பம்பரில் டிங்கரிங் வேலை நடந்த வண்டியில் டேஷ்போர்டு மீட்டர் வெளி வெப்பநிலையை மைனஸ் 40 என்று காட்டினால், வெளிக்காற்று சென்சாரின் கனெக்டரை மாட்ட மறந்திருப்பார்கள். கடுங்குளிரில் கம்ப்ரசரை ஓட்டக் கூடாது என்பதால் பல வண்டிகளில் ஏசி முழுவதுமாக நின்றுவிடும். டிராஃபிக்கில் நிற்கும்போது இதே சென்சார் 45 டிகிரி காட்டுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது எஞ்சின் சூடு. வண்டி ஓடினால் மெல்ல இறங்கும்.

கேபின் சென்சார் ஸ்டியரிங் அருகே சிறு துளைகளுக்குப் பின்னால் இருக்கும். பல மாடல்களில் அது கேபின் காற்றை உறிஞ்சித்தான் அளக்கிறது. புளோயரை ஓடவிட்டு, துளைமேல் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை வையுங்கள். ஒட்டிக்கொள்ளாவிட்டால் தூசி அடைத்திருக்கும், அல்லது ஸ்டீரியோ மாட்டியபோது பின்னாலுள்ள குழாய் கழன்றிருக்கும்.

வண்டிக்குள் விழும் வெயிலை அளக்கும் வெயில் சென்சாரும் இப்படித்தான் ஏமாற்றும். டொயோட்டா கார்கள் பலவற்றில், இருட்டான ஷெட்டுக்குள் ஸ்கேன் செய்தால் வெயில் சென்சார் கோடு பழுதில்லாமலே வரும். வண்டியை வெயிலுக்கு நகர்த்திவிட்டுப் பாருங்கள். உள்ளேயேதான் சோதிக்க வேண்டுமென்றால் பழைய குண்டு பல்பைக் காட்டுங்கள். டியூப் லைட்டும் எல்இடியும் இதற்கு உதவாது.

ஐஸ் கட்டும் பழுதைச் சரி செய்தபின் பட்டறை வாசலில் பத்து நிமிடம் ஏசி போட்டுப் பார்ப்பது போதாது. அண்ணனை மதுரையிலிருந்து திண்டுக்கல் வரை புளோயரைக் குறைவில் வைத்துக்கொண்டு ஓட்டச் சொன்னேன், ஏனென்றால் காற்று குறைவாக ஓடும்போதுதான் காயில் சீக்கிரம் உறையும். திண்டுக்கல் போனதும் புளோயரை முழுதாக வைத்துப் பார்த்தார். காற்று குறையவில்லை.