தூங்கும் கணினியில் பேக்கப் ஓட வைப்பது எப்படி?

இரவு 2 மணிக்கு பேக்கப் ஓடும்படி விண்டோஸில் வைத்திருப்பீர்கள். ஒரு மாதம் கழித்து ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தால் ஒரு ஃபைல்கூட ஏறியிருக்காது. பெரும்பாலும் பேக்கப் மென்பொருள் மீது தப்பில்லை. அந்நேரம் கணினி தூங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

முதலில் நேரத்தை மாற்ற முடியுமா என்று பாருங்கள். நள்ளிரவு என்பது சர்வர்களுக்கான வழக்கம். வீட்டுக்கும் கடைக்கும் மதியம் 1.30 நல்ல நேரம்: கணினி ஓடிக்கொண்டிருக்கும், ஆள் சாப்பிடப் போயிருப்பார். கூடவே, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் உங்கள் டாஸ்க்கின் செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய், தவறிய டாஸ்க்கை முடிந்தவரை சீக்கிரம் ஓட்டச் சொல்லும் கட்டத்தை டிக் செய்யுங்கள். அன்றைக்கு 1.30-க்குக் கணினி தூக்கத்தில் இருந்தாலும், விழித்துச் சுமார் 10 நிமிடத்தில் பேக்கப் தானே தொடங்கும்.

இரவில்தான் ஓட வேண்டுமென்றால் இரண்டு இடங்களில் கை வைக்க வேண்டும். டாஸ்க்கின் கண்டிஷன்ஸ் பக்கத்தில் 'வேக் த கம்ப்யூட்டர் டு ரன் திஸ் டாஸ்க்' என்பதை டிக் செய்யுங்கள். பிறகு கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் என்று போய், ஸ்லீப் என்பதன் கீழ் 'அலோ வேக் டைமர்ஸ்' என்பதை எனேபிள் ஆக்குங்கள். அங்கே 'இம்பார்ட்டன்ட்' மட்டும் என்றிருந்தால் உங்கள் டாஸ்க்குக்காகக் கணினி எழாது. லேப்டாப்பில் கரண்டில் இருக்கும்போது மட்டும் எனேபிள் செய்தால் போதும். பைக்குள் இருக்கும் லேப்டாப் நடுராத்திரி விழித்துச் சூடேறுவது யாருக்கும் வேண்டாம். அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி /வேக்டைமர்ஸ் என்று கொடுத்தால் உங்கள் டாஸ்க்கின் பெயர் பட்டியலில் தெரிய வேண்டும். ஷட்டவுன் செய்த கணினியை இந்த டைமர் எழுப்பாது.

டைமரால் எழுந்த கணினி, விழித்திருக்கச் சொல்லி எந்த புரோகிராமும் கேட்காவிட்டால், 2 நிமிடத்தில் மறுபடி தூங்கப் போய்விடலாம். பேக்கப் பாதியில் நிற்கிறதென்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அதே கண்டிஷன்ஸ் பக்கத்தில், கரண்ட் இருந்தால் மட்டுமே தொடங்கு, பேட்டரிக்கு மாறினால் நிறுத்து என்ற இரண்டும் டாஸ்க்கை உருவாக்கும்போதே டிக் ஆகியிருக்கும். டெஸ்க்டாப்தானே என்று விட்டுவிடாதீர்கள். யுபிஎஸ்ஸை யுஎஸ்பி கேபிளில் இணைத்திருந்தால் விண்டோஸ் அதையும் பேட்டரியாகத்தான் பார்க்கும். ஒரு நிமிட கரண்ட் கட்டுக்கே பேக்கப் அறுந்துபோகும். யுபிஎஸ் 20 நிமிடம் தாங்குமென்றால் 'நிறுத்து' டிக்கை எடுத்துவிடலாம்.

விண்டோஸோடு வரும் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி வைத்து பேக்கப் எடுப்பவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. பூட்டிய ஃபைல் ஒன்று குறுக்கே வந்தால், அது 30 விநாடிக்கு ஒரு முறை, 10 லட்சம் முறை முயலும். பில்லிங் மென்பொருளை மூடாமல் போன இரவில் இதுதான் நடக்கும். விடியும்வரை டாஸ்க் 'ரன்னிங்' என்றே காட்டும். முந்தையது முடியாததால் மறுநாள் டாஸ்க்கும் தொடங்காது. கட்டளையில் /ஆர்:2 /டபிள்யூ:5 சேருங்கள்; 5 விநாடி இடைவெளியில் இரண்டு முறை மட்டும் மறுபடி முயலும். செட்டிங்ஸ் பக்கத்தில் 3 நாள் என்றிருக்கும் கால வரம்பையும் 4 மணி நேரமாகக் குறையுங்கள்.

லாகின் செய்யாதபோதும் ஓடும்படி வைத்தால் இசட் டிரைவ் போன்ற மேப் செய்த டிரைவ்கள் (நெட்வொர்க் ஃபோல்டருக்கு ஓர் எழுத்தைப் பெயராகக் கொடுத்தவை) டாஸ்க்குக்குத் தெரியாமல் போகலாம். நெட்வொர்க் பாதையை முழுதாக எழுதுங்கள். இப்படி வைக்கும்போது கேட்கப்படுவது பின் நம்பர் அல்ல, விண்டோஸ் கணக்கின் பாஸ்வேர்டு.

சோதிக்க, நேரத்தை 10 நிமிடம் தள்ளி வைத்துவிட்டு, கணினியை ஸ்லீப்பில் போடுங்கள். பிறகு 'லாஸ்ட் ரன் ரிசல்ட்' பாருங்கள். ரோபோகாப்பியில் 0எக்ஸ்1 வந்தால் பதற வேண்டாம், ஃபைல்கள் நகலாகிவிட்டன என்று பொருள். 8-உம் அதற்கு மேலும்தான் தோல்வி.