முதல் தவக்காலமா? பிடியரிசியில் தொடங்குங்கள்

போன வருடம், தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு மறுநாள் காலையில் எங்கள் மருமகள் அடுக்களைக்குள் வந்து, "அத்தை, இன்னைக்கும் சாப்பிடக் கூடாதா?" என்று கேட்டாள். சென்னைக்காரி. கல்யாணத்துக்கு முன்புதான் ஞானஸ்நானம் வாங்கியவள். முந்தின நாள் முழுக்க வெறும் தண்ணீரோடு இருந்திருக்கிறாள். அப்படி இரு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. எப்படி இருக்க வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை. இருபது வருடமாக ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிற மாமியார் இருக்கிற வீட்டின் லட்சணம் இது!

அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன். நெல்லைப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்குகளில் (கோயில் வட்டாரங்களில்) வழக்கமாக நடக்கிறதை ஒட்டிச் சொல்கிறேன். உங்கள் பங்கில் நேரமும் முறையும் கொஞ்சம் மாறலாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் வாசிக்கிற அறிவிப்பைக் கவனியுங்கள். அந்த நேரத்தில்தான் பாதிப்பேர் செருப்பைத் தேடிக் கிளம்பிவிடுகிறோம்.

பெயரில் குழம்ப வேண்டாம். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டர்) முந்தின நாற்பது நாள் நோன்புக் காலத்தை இப்போது தவக்காலம் என்கிறோம், எங்கள் ஆச்சி காலத்தில் தபசுகாலம். சி.எஸ்.ஐ. சொந்தக்காரர்கள் லெந்து என்பார்கள். மூன்றும் ஒன்றுதான்.

படி 1: காலண்டரில் குறியுங்கள்

2026-ல் சாம்பல் புதன் பிப்ரவரி 18, உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 5. இடையில் எண்ணிப் பார்த்தால் நாற்பதுக்கு மேலே வரும், பயப்படாதீர்கள். புதனிலிருந்து பெரிய சனி வரை 46 நாள். அதில் ஞாயிறு ஆறு. அந்த ஆறையும் கழித்தால் நாற்பது. ஞாயிறும் தவக்காலத்துக்குள்தான், ஆனால் அது ஆண்டவர் உயிர்த்த நாள் என்பதால் அன்றைக்கு ஒருசந்தி (நோன்பு) கிடையாது.

வெள்ளிக்கிழமைகள் ஏழையும் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். ஏழாவதுதான் பெரிய வெள்ளி, ஏப்ரல் 3.

புதிதாக வந்தவர்கள் கூச்சப்பட வேண்டியதே இல்லை. ஆதித் திருச்சபையில் இந்த நாட்கள், உயிர்ப்பு இரவில் ஞானஸ்நானம் பெறப் போகிறவர்களைத் தயாரித்த நாட்கள். நம் மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1745-ல் ஞானஸ்நானம் பெற்றபோது புனித தேவசகாயத்துக்கு 33 வயது. 2022-ல் புனிதர் பட்டம் பெற்றவர், அவரும் வளர்ந்தபிறகு வந்து சேர்ந்தவர்தான்.

படி 2: முந்தின செவ்வாய்க்கிழமை ஃபிரிட்ஜைத் திறங்கள்

மீந்த கறிக்குழம்பு இருந்தால் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். புதன்கிழமை அதைப் பார்த்துப் பார்த்து வேதனைப்படுவது தவம் இல்லை.

அப்படியே சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்த போன வருடத்துக் குருத்தோலையையும் எடுங்கள். சில பங்குகளில் இதை முந்தின ஞாயிறே கேட்டு வாங்கிவிடுவார்கள். குருத்து ஞாயிறன்று மந்திரித்த ஓலையை எரித்த சாம்பல்தான் நெற்றிக்கு வருகிறது. நம் பக்கம் பெரும்பாலும் பனை ஓலை. எங்கள் கோயில்பிள்ளை (கோயில் வேலைகளைப் பார்ப்பவர்) இரும்புச் சட்டியில் போட்டு எரித்து, ஆறவிட்டு, பழைய வேட்டித் துணியில் சலிப்பார். ஈர்க்குத் துண்டுகள் துணியில் தங்கிவிடும், கீழே மை மாதிரி இறங்குவதுதான் சாம்பல். ஒரு சாக்கு ஓலையை எரித்தால் கடைசியில் ஒரு சின்னக் கிண்ணம் தேறும்.

படி 3: சாம்பல் பூசிக்கொள்ளுங்கள்

நடுவில் உள்ள வரிசையில் போங்கள். குனிந்து நில்லுங்கள். "மனம் மாறி நற்செய்தியை நம்பு" என்றோ, மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய் என்ற பொருளிலோ குருவானவர் சொல்லிப் பூசுவார். பதில் ஒன்றும் சொல்ல வேண்டாம். பிறகு நேரே ஆபீசுக்குப் போகிறவர்கள் துடைக்கலாமா என்று கேட்கிறார்கள். துடைத்தால் பாவமில்லை. நான் துடைப்பதில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் திருநீறு பூசியவரும் நானும் ஒருவர் நெற்றியை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்ட வருடம் ஒன்று உண்டு.

படி 4: ஒருசந்தி வேறு, சுத்தபோசனம் வேறு

குழப்பம் எல்லாம் இங்கேதான். மருமகள் விழுந்த பள்ளமும் இதுதான்.

*ஒருசந்தி* என்றால் ஒரு வேளை மட்டும் வயிறு நிறையச் சாப்பாடு. மற்ற இரண்டு வேளையும் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த இரண்டையும் சேர்த்தாலும் ஒரு முழுச் சாப்பாட்டின் அளவுக்கு வரக் கூடாது. கட்டாயமான நாட்கள் இரண்டே இரண்டு: சாம்பல் புதன், பெரிய வெள்ளி. 18 வயது நிறைந்தவர்களிலிருந்து 59 வயது நிறைகிறவரைக்கும் உள்ளவர்களுக்கு.

*சுத்தபோசனம்* என்றால் இறைச்சியை விடுவது. அந்த இரண்டு நாளும், தவக்கால வெள்ளிகளும். 14 வயதிலிருந்து இது கட்டும். மேல் வயது வரம்பு இல்லை.

எங்கள் வீட்டுச் சாம்பல் புதன் இப்படி இருக்கும். காலையில் ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி, இரண்டு இட்லி. மத்தியானம் சோறு, ரசம், காணத்துவையல், வயிறு நிறைய. ராத்திரி ஒரு டம்ளர் கஞ்சி. தண்ணீரும் மாத்திரையும் கணக்கில் சேராது. சுகர் இருக்கிறவர்கள், பிள்ளைத்தாய்ச்சி, பால் கொடுக்கிற தாய்மார், உடம்புக்கு முடியாதவர்களுக்கு ஒருசந்தி இல்லை. வெயிலில் கொத்தனார் வேலை பார்க்கிறவர்களும் சாமியாரிடம் கேட்டு வேறு ஏதாவது ஒறுத்தல் செய்யலாம். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் மயங்கி விழுந்தவரைப் பூசை நடுவில் தூக்கிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். அதில் யாருக்கும் புண்ணியம் இல்லை.

அடுத்து மீன். சட்டப்படி மீனும் முட்டையும் இறைச்சிக் கணக்கில் இல்லை. ஆனால் உள்நாட்டுப் பங்குகளில் பல வீடுகளில் வெள்ளிக்கிழமை கவிச்சியே அடுப்பில் ஏறாது. உவரி, இடிந்தகரைப் பக்கம் கடல்புறத்தில் மீன் அன்றாடச் சாப்பாடு. அங்கே கணக்கு வேறு. என்னைக் கேட்டால், வெள்ளிக்கிழமை சீலா மீன் வாங்கித் துண்டு துண்டாக வறுத்துவிட்டு "கறி சாப்பிடலியே" என்பது சட்டத்துக்குச் சரி. அதற்கு மேல் நான் சொல்லவில்லை.

இந்த இரண்டுக்கும் மேலே நீங்களாகச் சேர்ப்பது ஒன்றே ஒன்று இருக்கட்டும். எனக்கு இருபத்திரண்டு வயதில் காப்பி, இனிப்பு, டிவி, தலையணை நான்கையும் ஒரே நாளில் விட்டேன். இரண்டாவது வெள்ளிக்குள் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்து, கடைசியில் அம்மாவே காப்பியைப் போட்டுக் கையில் திணித்தாள். மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதுகிற பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இன்னும் கவனம். அவர்களுக்குப் படிப்பே ஒறுத்தல்.

படி 5: பிடியரிசி

மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். குறைத்துச் சாப்பிட்டதில் மிச்சமானது இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்றால் அது வெறும் டயட். செபம், நோன்பு, தர்மம் என்று மூன்றையும் ஒன்றாக வைத்துத்தான் சாம்பல் புதன் நற்செய்தி பேசுகிறது.

செய்வது சுலபம். உலைக்கு அரிசியை அளந்து போட்டதும், களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளித் தனி டப்பாவில் போடுங்கள். மூட்டையிலிருந்து அள்ளக் கூடாது. உலைக்கு அளந்ததிலிருந்துதான். அப்போதுதான் அன்றைக்குச் சட்டியில் ஒரு பிடி நிஜமாகவே குறையும். சின்ன வயதில் அந்த வேலையை நான் செய்ய ஓடிவருவேன். ஆச்சி தடுத்துவிடுவாள்: "ஏட்டி, சின்னக் கையால அள்ளி ஏழைக்கு வஞ்சகம் பண்ணாத. பெரிய கை அள்ளட்டும்."

என் கைக்கு ஒரு பிடி ஏறக்குறைய 40 கிராம் வருகிறது. தினம் ஒரு பிடி என்றால் நாற்பது நாளில் ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் கூட. ஒரு வீட்டுக்கு இது ஒன்றுமில்லை. முப்பது வீடு உள்ள அன்பியத்தில் (பக்கத்து வீடுகள் சேர்ந்த செபக் குழுவில்) சேர்த்தால் கிட்டத்தட்ட 48 கிலோ, இரண்டு சிப்பம்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காதீர்கள். ஒரு வருடம் அப்படி வைத்து, பெரிய வியாழனன்று கோயிலில் பிரித்தால் வண்டு ஊர்கிறது. பக்கத்தில் நின்ற சிஸ்டர் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். காய்ந்த டப்பாவில் நாலு வத்தல் மிளகாயைக் கிள்ளாமல் போட்டு வைத்தால் போதும். இரண்டு, நீங்கள் பொன்னி சாப்பிட்டால் பொன்னியே போடுங்கள். ரேஷன் அரிசியை மாற்றிப் போடுகிறவர்கள் உண்டு. வாங்குகிறவருக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். சோறு வெந்ததும் தெரிந்துவிடும்.

சேர்ந்த அரிசியை அன்பியத் தலைவரிடமோ ஏழைகளுக்கு உதவுகிற வின்சென்ட் தே பவுல் சபையாரிடமோ கொடுங்கள். யாருக்குப் போகிறது என்று விசாரிக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பில் அட்டை உண்டியல் கொடுத்தால் மிட்டாய்க் காசு அதற்குப் போகட்டும்.

படி 6: வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை

இயேசு சிலுவை சுமந்துபோன பாடுகளை நிலை நிலையாகத் தியானிக்கிற செபம் இது. கோயிலுக்குள் நடக்கும், பல ஊரில் தெருவிலும் நடக்கும். மொத்தம் 14 நிலை. ஒரு பீடச்சிறுவன் சிலுவையைப் பிடிக்க, இருபுறமும் இரண்டு பேர் மெழுகுவர்த்தி. ஒவ்வொரு நிலைக்கும் முழங்காலிட்டு எழுந்து, தியானம் கேட்டு, அடுத்ததற்கு நடக்கும்போது பாட்டு. புத்தகம் இல்லாவிட்டாலும் இரண்டாவது நிலைக்குள் பதில் பிடிபட்டுவிடும். "எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி" என்று முன்னே சொன்னால், "எங்கள் பேரில் தயவாயிரும்" என்று எல்லோரும் முடிப்போம். மூட்டு வலிக்காரர்கள் நின்றே செபிக்கலாம். பன்னிரண்டாவது நிலையில் மட்டும் முழங்காலில் கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் இருப்போம். அப்போது செல்போன் அடித்தால் அந்தத் தெரு ஆயுசுக்கும் மறக்காது.

உங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு நிலை வருகிறது என்று அன்பியத்தில் சொன்னால் பதறாதீர்கள். ஒரு ஸ்டூல், வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம்), இரண்டு மெழுகுவர்த்தி. அவ்வளவுதான். கதம்ப மாலையும் சீரியல் பல்பும் வேண்டாம். கோயில் பீடத்திலேயே இப்போது பூ வைப்பதில்லை, அல்லேலூயாவும் பாடுவதில்லை. மெழுகுவர்த்தி காற்றில் அணையாமல் இருக்க, தண்ணீர் பாட்டிலின் அடியையும் தலையையும் வெட்டிவிட்டுச் சுற்றி மாட்டுங்கள். முந்தின நாளே வாசலில் உள்ள ஜல்லியைக் கூட்டிவிடுங்கள். முழங்காலிடப் போகிறது நாற்பது பேர்.

படி 7: பாவசங்கீர்த்தனம்

குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதுதான் இது. உயிர்ப்புக்கு முந்தின பெரிய வாரம் வரை தள்ளாதீர்கள், வரிசை மதில் வரை நிற்கும். மூன்றாவது வாரமே போய்விடுங்கள். போய் ரொம்ப நாளாகிவிட்டால், "சாமி, எனக்கு முறை மறந்துபோச்சு" என்று சொன்னால் போதும், அவரே கூட்டிக்கொண்டு போவார். புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களும் அதன்பின் செய்ததை மட்டும் சொன்னால் போதும்.

படி 8: பெரிய வாரம்

குருத்து ஞாயிறு மார்ச் 29. ஓலை கொடுப்பார்கள். பனங்குருத்து ஈரமாக இருக்கும்போதே, ஈர்க்கை உருவிவிட்டு, விரல் அகலத்துக்குக் கிழித்துச் சிலுவை மடித்துவிடுங்கள். சாயங்காலம் ஆனால் காய்ந்து, மடித்த இடத்தில் முறியும்.

பெரிய வியாழன் சாயங்காலம் பாதம் கழுவும் சடங்கு. "உன்னதங்களிலே" என்ற புகழ்ப்பாட்டைப் பாடி முடித்ததும் மணி ஓய்ந்துவிடும். சனி இரவு வரை மரக்கட்டையைத் தட்டுகிற சத்தம்தான். ராத்திரி நற்கருணைக்கு முன்னால் அன்பியம் வாரியாக ஆராதனை. உங்கள் முறை எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், பதினொரு மணி முறை கிடைத்தால் மத்தியானமே தூங்கி வையுங்கள்.

பெரிய வெள்ளி பூசை கிடையாது. பாடுகளின் வாசகம், சிலுவையை முத்தி செய்தல் (முத்தமிடுதல்), நற்கருணை. வாசகம் நீளம், பெரும்பாலும் நின்றே கேட்போம். வயதானவர்களை ஓரப் பெஞ்சில் உட்கார வையுங்கள். எங்கள் ஊரில் சடங்கு முடிந்ததும் கோயில் வளாகத்தில் கஞ்சி ஊற்றுவார்கள். தூக்குவாளி கொண்டுபோங்கள், வர முடியாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்து.

சனி இரவு திருவிழிப்பு, அதாவது உயிர்ப்பு இரவுச் சடங்கு. மெழுகுவர்த்திக்கு அடியில் அட்டை செருகிக்கொள்ளுங்கள், பட்டுச்சேலையில் சொட்டினால் போகாது. முடிய நடுராத்திரி தாண்டிவிடும். கறிக்கடையில் சனி சாயங்காலமே சொல்லிவிட்டு வாருங்கள். ஞாயிறு காலையில் போனால் எலும்புதான் மிஞ்சியிருக்கும்.