கப்பல் கரையில் நிற்கும்போது உள்ளேயே தங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

பாறசாலையில் இருக்கும் என் சித்திக்கு 71 வயது. போன டிசம்பரில் மகன், மருமகள், பேரனோடு உல்லாசக் கப்பலில் போனார். கப்பல் ஒரு பகல் கொச்சியில் நின்றது. இறங்கி வரும்படி மகன் கூப்பிட்டும் சித்தி அசையவில்லை. கொச்சி அவருக்குப் புதிதல்ல. சித்தப்பாவின் கண் சிகிச்சைக்காக ஆறேழு முறை போய்வந்த ஊர். முழங்கால் வலி வேறு. "நீங்கள் போய் வாருங்கள் மக்களே, நான் இங்கேயே சும்மா இருந்துகொள்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

சும்மா இருக்க முடியவில்லை. நான்கு பேருடைய கேபின் கார்டும் மகனின் பர்ஸில் இருந்தன. கப்பலில் அந்தக் கார்டுதான் அறைச் சாவி, அதுதான் பணப்பை, இறங்கி ஏறுவதற்கான அனுமதிச் சீட்டும் அதுதான். காலை உணவை முடித்துவிட்டுத் திரும்பிய சித்தியால் அறைக் கதவைத் திறக்க முடியவில்லை. மதியம் போட வேண்டிய சர்க்கரை மாத்திரை உள்ளே இருந்தது. லிஃப்டுக்குப் பக்கத்து சோபாவில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறார். ரிசப்ஷனில் பெயரையும் அறை எண்ணையும் சொல்லியிருந்தால், ஆளைச் சரிபார்த்து வேறு கார்டு கொடுத்திருப்பார்கள். அதை அவருக்குச் சொல்லிவைத்தவர்கள் யாரும் இல்லை.

நான் 11 ஆண்டுகள் இப்படிப்பட்ட கப்பல்களில் கேபின் ஸ்டூவர்டாக, அதாவது பயணிகளின் அறைகளைச் சுத்தம் செய்து கவனிக்கும் ஊழியனாக, வேலை பார்த்தவன். இப்போது களியக்காவிளையில் சிறிய கடை வைத்திருக்கிறேன். கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டிவிட்டுக் கடைக்கு வந்து விவரம் கேட்கிறவர்கள் தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. ஊர் பார்க்க இறங்குகிறவர்கள் ஒரு வாரம் உட்கார்ந்து திட்டம் போடுகிறார்கள். தங்குகிறவர்கள் ஒரு நிமிடம்கூட யோசிப்பதில்லை. கப்பல்தானே, நேற்று இருந்தது போலத்தானே இன்றும் இருக்கும் என்ற நினைப்பு. கயிறு கட்டி நின்றுவிட்ட கப்பலில் நேற்றைய ஒழுங்குகள் பாதிக்கு மேல் மாறிவிடும் என்பது உள்ளே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பெரிய தவறு ஒன்று வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே நடந்துவிடுகிறது. 2023 ஜூனில் சென்னையிலிருந்து இலங்கைக்கு உல்லாசக் கப்பல் ஓடத் தொடங்கியபோது என்னிடம் வந்த முதல் கேள்வியே, "நான் இறங்கப்போவதில்லை, எனக்கு எதற்கு அண்ணே விசா?" என்பதுதான். வேண்டுமா வேண்டாமா என்பதை அந்தந்த நாடும் அந்தந்தக் கப்பல் கம்பெனியும் முடிவு செய்யும். நாமாக முடிவு செய்யக் கூடாது. நடுவழியில் நமக்கு உடம்புக்கு முடியாமல் போகலாம், கப்பலுக்கே கோளாறு வரலாம். அப்போது கரையில் இறக்கியே ஆக வேண்டும். அதனால் இறங்காதவர்களிடமும் விசா கேட்கும் கம்பெனிகள் இருக்கின்றன. இல்லையென்றால் ஏறும் துறைமுகத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். விசா வேண்டுமா என்ற பதிலைப் பணம் கட்டும் முன்பே கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். வேறு சில துறைமுகங்களில் குடியேற்ற அதிகாரிகள் எல்லாப் பயணிகளையும் நேரில் பார்த்த பிறகுதான் கப்பலுக்கு அனுமதி கொடுப்பார்கள். அன்று 'நான் தூங்குகிறேன்' என்று அறைக்குள் படுத்திருக்க முடியாது. பாஸ்போர்ட்டோடு வரிசையில் நிற்க வேண்டும்.

இதைப் போலவே, ஒரு துறைமுகத்தில் சிலருக்குப் பயணம் முடிந்து வேறு சிலர் புதிதாக ஏறுவதும் உண்டு. மும்பையில் ஏறியவருக்குக் கொச்சி நடுவழி. அங்கே ஏறுகிறவருக்கு அதுவே தொடக்கம். அப்படிப்பட்ட நாளில் தொடர்ந்து போகிறவர்களுக்குத் தனி அறிவிப்பு வரும். கார்டை மாற்றச் சொல்லலாம், கொஞ்ச நேரம் வெளியே போய் வரவும் சொல்லலாம். அறிவிப்பு ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் ஓடும். முந்தைய இரவே ரிசப்ஷனில் கேட்டுவைப்பதுதான் நல்லது.

அடுத்தது, எல்லாம் திறந்திருக்கும் என்ற நம்பிக்கை. ஆள் குறைந்த கப்பலில் ஆசைதீரக் கடை பார்க்கலாம் என்று தங்கிய ஒரு குடும்பம் எனக்குத் தெரியும். வரியில்லாக் கடைகளும் காசினோவும் துறைமுகத்தில் பூட்டியே இருக்கும். நாட்டின் கடல் எல்லையான 12 கடல் மைலைத் தாண்டிய பிறகே பெரும்பாலும் திறப்பார்கள். சுங்கச் சட்டம் அப்படி. சில துறைமுகங்களில் மதுக்கடைப் பில்லில் உள்ளூர் வரியும் சேரும். நீச்சல் குளம் காலியாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஆள் இல்லாத அந்த நேரம் பார்த்துத்தான் குளத்தைக் கழுவுவார்கள், தளத்துக்குச் சாயம் அடிப்பார்கள். காற்று இல்லாத நாளில் புகைபோக்கியின் கரி பின்தளத்து நாற்காலிகளில் படிவதும் உண்டு. வெள்ளை வேட்டியோடு போய் உட்காராதீர்கள்.

எது எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதெல்லாம் முந்தைய இரவு அறைக்கு வரும் ஒரு தாளில் அச்சாகியிருக்கும். இப்போது சில கப்பல்களில் கைபேசிச் செயலியில் வருகிறது. நான் தினமும் கட்டில்மேல் வைத்துவிட்டு வந்த தாள்களில் பாதி, மறுநாள் விசிறியாகவோ முறுக்கு வைத்த பொட்டலமாகவோ மாறியிருக்கும். சாப்பாட்டு நேரத்தையாவது அதில் பார்த்துவிடுங்கள். துறைமுக நாளில் பெரிய உணவுக்கூடத்தை மதியம் மூடிவிட்டு பஃபே மட்டும் நடத்துவது பல கப்பல்களில் வழக்கம். அதையும் சீக்கிரம் முடித்துவிடுவார்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் முந்தைய இரவே சொல்லிவைக்க வேண்டும். ஒரு பக்கம் கொச்சியும் கரையில் மரச்சீனியும் மீன்கறியும் இருக்க, உள்ளே உட்கார்ந்து பாஸ்தா சாப்பிடும் கொடுமையைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

இதில் கடிகாரமும் ஏமாற்றும். மாலத்தீவின் நேரம் நம் நேரத்தைவிட அரை மணி பின்தங்கியது. கப்பல் இந்திய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தால், கைபேசி கரையின் அலைவரிசையைப் பிடித்து 2:00 என்று காட்டும்போது கப்பலில் மணி 2:30 ஆகியிருக்கும். பஃபே மூடியிருக்கும். கப்பல் நேரம் எது என்று கேட்டு, கைக்கடிகாரத்தில் அதையே வையுங்கள்.

நின்ற கப்பல் ஆடாது என்று நம்பித் தங்குகிறவர்களும் இருக்கிறார்கள். கொச்சி போல உள்ளே நுழைந்து கட்டும் துறைமுகத்தில் அது சரி. லட்சத்தீவு வேறு. அங்கே கப்பல் கரைக்கு வராமல் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும்; சிறு படகில்தான் தீவுக்குப் போவார்கள். ஆட்டத்தைக் குறைக்கக் கப்பலின் இரு பக்கமும் நீருக்கடியில் மீனின் துடுப்பு போல ஸ்டெபிலைசர் இருக்கிறது. கப்பல் ஓடினால்தான் தண்ணீர் அதன்மேல் பாய்ந்து அது வேலை செய்யும். நின்றுவிட்டால் பயனில்லை. பக்கவாட்டில் அலை அடித்தால் ஓடும்போது இருந்ததைவிட அதிகமாக உருளும். வாந்தி வரும் என்று படகில் ஏறாமல் தங்கியவர்கள், உள்ளே படுத்துக்கொண்டு வாளி கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த நாளில் நடுத்தளத்தில், கப்பலின் மையத்துக்குப் பக்கமாக இருங்கள். மேல்தளமும் முனைகளும் வேண்டாம். மதியத்துக்கு மேல் மனம் மாறி இறங்க நினைத்தாலும் தீவுக்குப் போகும் கடைசிப் படகு எப்போதோ போயிருக்கும். போகிற படகுக்கும் வருகிற படகுக்கும் தனித்தனி நேரம் உண்டு.

காலை பத்தரை மணிக்குத் திடீரென்று ஏழு குறுகிய ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் கேட்டால் பயப்படாத ஆள் கிடையாது. அதுதான் பொது அபாய ஒலி. பயணிகள் கப்பலில் தீ அணைப்புப் பயிற்சியும் கப்பலைக் கைவிடும் பயிற்சியும் வாரந்தோறும் நடக்க வேண்டும் என்பது சோலாஸ் என்ற சர்வதேச விதி. 1912ல் டைட்டானிக் மூழ்கியதையடுத்து 1914ல் உருவானது அதன் முதல் வடிவம். பயணிகள் குறைவாக இருக்கும் துறைமுக நாளில்தான் ஊழியர்களுக்கு அதை வைப்பார்கள். உயிர்ப்படகுகளைக் கீழே இறக்குவார்கள், தாழ்வாரக் கதவுகள் மூடும். இது ஊழியர்களுக்கான பயிற்சி என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். அறிவிப்பைக் கேட்காமல் பதறிப் படியில் ஓடி விழுகிறவர்கள் ஒரு வகை. எந்த ஒலி கேட்டாலும் 'பயிற்சிதான்' என்று திரும்பிப் படுக்கிறவர்கள் இன்னொரு வகை. எனக்கு இவர்களைப் பற்றித்தான் கவலை. பயிற்சி என்று சொல்லாமல் ஒலி வந்தால், ஆபத்தில் பயணிகள் கூட வேண்டிய இடமான மஸ்டர் ஸ்டேஷனுக்குப் போய்விட வேண்டும். அதன் எண் பெரும்பாலும் கேபின் கார்டிலேயே இருக்கும். வீட்டுப் பெரியவரைத் தனியாக விட்டுவிட்டு இறங்குகிறவர்கள், அந்த இடத்துக்கு ஒருமுறை அவரை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு இறங்குங்கள்.

உடம்பு சரியில்லை என்று தங்குகிறவர்களிடம் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. லேசான காய்ச்சல், அசதி என்றால் படுத்திருக்கலாம். முந்தைய இரவு நெஞ்சில் அழுத்தம் இருந்தது, கை மரத்தது, விழுந்ததில் இடுப்பு வலிக்கிறது என்றால் துறைமுகம் ஓய்வெடுக்கும் இடம் அல்ல; அதுதான் இறங்க வேண்டிய இடம். கப்பல் மருத்துவமனையில் மருத்துவர் இருப்பார், முதல் சிகிச்சைக்கு வேண்டியதும் இருக்கும். ஆஞ்சியோ செய்யும் வசதி இருக்காது. கொச்சியில் கட்டியிருக்கும்போது பெரிய மருத்துவமனைகள் காரில் போகும் தூரத்தில். அன்று மாலை கப்பல் கிளம்பிவிட்டால் அடுத்த கரை ஒரு நாளோ இரண்டு நாளோ தள்ளி. 'எல்லோருடைய பயணமும் கெட்டுவிடும்' என்று வலியை மறைத்து அறையில் படுத்திருந்த ஒரு பெரியவரை நானே மருத்துவரிடம் சொல்லி இறக்கியிருக்கிறேன். கப்பல் மருத்துவரின் கட்டணம் டிக்கெட்டில் சேராது என்பதையும் நினைவில் வையுங்கள். வயிற்றுப்போக்கு என்றால் மறைக்காமல் சொல்ல வேண்டும். அறையிலேயே இருக்கச் சொல்வார்கள், இருக்கத்தான் வேண்டும். நோரோவைரஸ் பரவினால் கப்பலே நாறிவிடும். அதற்குக் கைத்தெளிப்பான் போதாது, சோப்பும் தண்ணீரும்தான்.

என் பழைய தொழில் சார்ந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'தொந்தரவு செய்யாதீர்கள்' என்ற அட்டையைக் காலையிலிருந்து கதவில் தொங்கவிட்டுவிட்டு, மதியம் ஒரு மணிக்கு அறையைத் துடைக்கக் கூப்பிடுவது விதிப்படி தவறே இல்லை. ஆனால் துறைமுக நாளில் ஸ்டூவர்டுகள் காலையிலேயே வேலையை முடித்துவிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கரைக்குப் போவார்கள். கொச்சி என்றால் நம் பக்கத்து ஆட்களின் குடும்பங்கள் துறைமுக வாசலில் வந்து நிற்கும். என் மகளை நான் முதன்முதலில் பார்த்தது அங்கேதான். அவளுக்கு அப்போது நான்கு மாதம். மனைவியும் மாமியாரும் குழித்துறையில் ரயில் ஏறி, குழந்தையோடு இரவெல்லாம் உட்கார்ந்து வந்திருந்தார்கள். நான் கிளம்பும் நேரம் பார்த்து ஓர் அறையிலிருந்து அழைப்பு. கூட வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரன் என் கையிலிருந்த துணியைப் பிடுங்கிக்கொண்டு என்னைப் படியை நோக்கித் தள்ளினான். நீங்கள் காலை உணவுக்குப் போகும்போது கதவில் 'சுத்தம் செய்யவும்' அட்டையை மாட்டிவிட்டுப் போனால் அறையும் சுத்தமாகிவிடும், நாள் முழுவதும் நிம்மதியாகத் தூங்கவும் செய்யலாம்.

தங்குகிறவர்களில் பாதிப்பேர் நான்கு மணிக்கு அலுத்துப்போய், கீழே போய் ஒரு சாயா குடித்துவிட்டு வரலாமே என்று இறங்குவார்கள். கொச்சியில் கப்பல் கட்டுவது வில்லிங்டன் தீவில். துறைமுகத்தை ஆழப்படுத்த ஆங்கிலேயப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய நிலம் அது. ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் பாலத்துக்கு அப்பால். வாசலில் மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படையினர் சோதிப்பார்கள். கேபின் கார்டோடு ஆதாரோ வேறு படம் போட்ட அடையாள அட்டையோ இல்லாமல் இறங்காதீர்கள். ஏற வேண்டிய கடைசி நேரம், கப்பல் கிளம்பும் நேரத்துக்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னதாகவே முடிந்துவிடும். பாலத்தில் போக்குவரத்து நெரிசல் என்று சொன்னால் கப்பல் காத்திருக்காது.

மாலையில் கயிறு அவிழ்க்கும் நேரத்தில் அறைக்குள் இருக்காமல் மேல்தளத்துக்கு வாருங்கள். கப்பல் மேற்கே திரும்பிக் கடலுக்குள் நுழையும்போது வைப்பின் தீவு வலது பக்கமும் ஃபோர்ட் கொச்சி இடது பக்கமும் வரும். சீன மீன்பிடி வலைகளைக் கரையிலிருந்து பார்ப்பதைவிட இங்கிருந்து பார்ப்பது நன்றாக இருக்கும். கரை மறையத் தொடங்கியதும் கைபேசியை 'ஏர்பிளேன் மோடு'க்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அது கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். பில் வரும்போதுதான் தெரியும்.

சித்தி இப்போது லட்சத்தீவுக்குப் போக வேண்டும் என்கிறார். அங்கே நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றேன். அதற்கு மகன் விண்ணப்பித்துவிட்டானாம். கேபின் கார்டைப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ள, பழைய பட்டுப்புடவையின் முந்தானையில் ஒரு துணிப்பை தைத்து வைத்திருக்கிறார்.