பசுமை வைப்புத்தொகையில் பணம் போடும் முன் கேட்க வேண்டியவை

இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பாலாற்றில் கலந்தது பற்றிய வழக்கில்தான், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்னும் கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. அந்த ஆற்றங்கரையில் வாழும் நம்மிடம் ஒரு வங்கியோ நிதி நிறுவனமோ 'பசுமை' என்று சொல்லிப் பணம் கேட்டால், அந்தச் சொல்லைச் சோதித்துப் பார்க்கும் கடமை நமக்குச் சற்று அதிகமாகவே உண்டு என்று கருதுகிறேன்.

பசுமை வைப்புத்தொகை என்பது சுற்றுச்சூழல் திட்டங்களுக்கே பயன்படுத்துவதாகச் சொல்லி வங்கி திரட்டும் டெபாசிட். அதைப் பற்றி வேலூரில் ஒரு வங்கிக் கிளையில் எனக்குக் கொடுத்த துண்டறிக்கையில் இலைப் படமும் வட்டி விகிதமும் பெரிதாக இருந்தன. பணம் எங்கே போகும் என்பதற்கு 'சுற்றுச்சூழலுக்கு உகந்த திட்டங்கள்' என்ற ஒரே வரிதான் இருந்தது. பணத்தை எதற்கெல்லாம் தருவார்கள் என்று விளக்கும் கொள்கை ஆவணத்தைக் கேட்டபோது, தம்மிடம் இல்லை என்று அலுவலர் நேர்மையாகவே சொன்னார். அன்று இரவு வங்கியின் இணையதளத்தில் தேடி அதை எடுத்தேன்.

அது அங்கே இருந்தே ஆக வேண்டும். 2023 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி, பசுமை வைப்புத்தொகை திரட்டும் வங்கி, இயக்குநர் குழு ஏற்ற கொள்கையையும் பணத்தை ஒதுக்கும் முறையையும் இணையதளத்தில் வெளியிட வேண்டும். சூரிய மின்சாரம், கழிவுநீர் மேலாண்மை போன்றவற்றுக்குப் பணம் போகலாம்; நிலக்கரிக்கும், குப்பையை நேரடியாக எரிக்கும் திட்டங்களுக்கும், 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையங்களுக்கும் போகக் கூடாது. ஆண்டுதோறும் வெளியார் ஒருவர் இதைச் சரிபார்க்க வேண்டும் என்றாலும், பணத்தின் இறுதிப் பயன்பாட்டுக்கான பொறுப்பு வங்கியை விட்டு நீங்காது. திரட்டிய தொகையில் எவ்வளவு இன்னும் ஒதுக்கப்படாமல் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஏனெனில், ஒதுக்கும்வரை அப்பணத்தை ஓராண்டுக்கு உட்பட்ட குறுகிய கால முதலீடுகளில் வைத்திருக்க விதியே இடம் தருகிறது. மற்றபடி, வைப்புத்தொகைக் காப்பீடு சாதாரண டெபாசிட்டுக்கு உள்ளதைப் போலவே 5 லட்சம் ரூபாய்தான்.

மியூச்சுவல் ஃபண்டில் வேலை இன்னும் கூடுதல். இஎஸ்ஜி திட்டம் (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் ஆகியவற்றைப் பார்த்து முதலீடு செய்யும் ஃபண்ட்) ஆறு வகை முதலீட்டு உத்திகளில் எதைப் பின்பற்றுகிறது என்பது அதன் பெயரிலேயே தெரிய வேண்டும் என்றும், சொத்தில் குறைந்தது 80 விழுக்காடு அந்த உத்திப்படி முதலீடு செய்யப்பட வேண்டும் என்றும் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2023 ஜூலையில் வகுத்தது. எந்தெந்த நிறுவனங்களில் முதலீடு செய்திருக்கிறது என்று ஃபண்ட் நிறுவனம் மாதந்தோறும் வெளியிடும் பட்டியலிலிருந்து, உங்களுக்குத் தெரிந்த தொழிலில் உள்ள ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் ஆண்டறிக்கையில் உள்ள பிஆர்எஸ்ஆர் (தொழில் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை) பகுதியைத் திறங்கள். சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியல் நிறுவனங்களுக்கு 2022-23 முதல் இது கட்டாயம். சுற்றுச்சூழல் பற்றிய அதன் ஆறாவது கோட்பாட்டின் கீழ், எவ்வளவு தண்ணீர் எடுத்தார்கள், கழிவுநீரை எங்கே விட்டார்கள், ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு உண்டா என்ற கேள்விகள் இருக்கும். பதிலில் கிலோலிட்டர் கணக்கு இல்லாமல் 'விதிகளைப் பின்பற்றுகிறோம்' என்று மட்டும் இருந்தால், நான் அந்தத் திட்டத்தில் பணம் போட மாட்டேன். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: செருப்பு விற்கும் பெரிய நிறுவனம் அறிக்கை தரும், அதற்குத் தோல் பதனிட்டுத் தரும் சிறிய தொழிற்சாலையின் கணக்கு அதில் முழுமையாக வந்திருக்காது.

சொன்னதும் நடந்ததும் வேறு வேறாக இருந்தால் வங்கிக்கு முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஃபண்ட் பற்றியது என்றால் செபியின் ஸ்கோர்ஸ் என்னும் இணையப் புகார் தளம் இருக்கிறது. பொதுவாக, ஆதாரமில்லாமல் 'பசுமை' என்று விளம்பரம் செய்வதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2024 அக்டோபர் வழிகாட்டுதல்கள் தடுக்கின்றன. நுகர்வோர் உதவி எண் 1915. புகாரில் வாய்ச்சொல் நிற்காது என்பதால், கையில் கொடுத்த துண்டறிக்கையின் பின்புறம் தேதியையும் கிளையின் பெயரையும் அன்றே எழுதி, டெபாசிட் ரசீதோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.