போஃபிஷிங்: ரீலும் லைனும் பார்த்து வாங்குவது எப்படி

தூண்டிலில் ரீல் மீனோடு மல்லுக்கட்டும் கருவி. வில்லால் மீன் அடிக்கும் போஃபிஷிங்கில் அதன் வேலை வேறு. அம்பு நாணை விட்டுப் பறக்கும் நொடியில், அதில் கட்டிய கயிறான லைன் தடையில்லாமல் ஓட வேண்டும். பிறகு அந்த அம்பு, குத்தியது மீனோ சேறோ, கைக்குத் திரும்பி வர வேண்டும். கடையில் நின்று "எவ்வளவு பெரிய மீனைத் தாங்கும்?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அம்பு விடுமுன் நான் எதையாவது மறந்துவிட்டால் இந்த ரீல் என்ன செய்யும்?

இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்க ஆறு, ஏரிகளில் கெண்டையையும், நீண்ட மூக்குள்ள கார் (gar) மீனையும் 40 பவுண்டு இழுவிசை அளவிலான வில்லால் அடிப்பவர்களுக்கு. அங்கே இந்த விளையாட்டு பெரும்பாலும் இரவில்தான் நடக்கிறது. தட்டையான படகின் முனையில் எல்இடி விளக்குகள் கட்டி, கரையோர ஆழமில்லாத நீரில் மெதுவாக ஓட்டிக்கொண்டே அடிப்பார்கள். தூரம் பெரும்பாலும் 15 கஜத்துக்குள் முடிந்துவிடும்.

மூன்று வகை ரீல்

விலை மலிவானது கையால் சுற்றும் டிரம். வில்லின் முன்பக்கம், ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் தண்டை மாட்டும் ஓட்டையில் திருகிவிடலாம். அந்த மரை எல்லா வில்லிலும் அநேகமாக 5/16-24 அளவுதான் (5/16 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை). டிரம்மில் கைப்பிடி இல்லை, கியர் இல்லை, பட்டன் இல்லை. ஆகவே பழுதாக எதுவும் இல்லை, மறக்கவும் எதுவும் இல்லை. ஒவ்வொரு அம்புக்குப் பிறகும் லைனைக் கையால் இழுத்து, சுற்று மேல் சுற்றாகத் திரும்பச் சுற்ற வேண்டும் என்பதுதான் தொல்லை. குளக்கரையில் நின்று மணிக்கு நாலைந்து அம்பு விடுபவருக்கு இது போதும். படகில் போகிறவருக்குப் போதாது.

அடுத்தது ஸ்பின்காஸ்ட். முன்னால் மூடியும் பின்னால் பட்டனும் உள்ள, தூண்டில்காரர்களுக்கு நன்றாகப் பழகிய ரீல். ஜெப்கோ 808 போஃபிஷர் இந்த வகையில் பலருக்கும் தெரிந்த பெயர். ஸ்டெபிலைசர் ஓட்டையில் ரீலைத் தாங்கும் ஒரு ரீல் சீட் திருகி, அதன் மேல் இதை உட்கார வைப்பார்கள். வேகமாகச் சுற்றும், லைனும் நேர்த்தியாக உள்ளே போகும். லைனுக்கு பிரேக் போலச் செயல்படும் டிராக் இருப்பதால் பெரிய மீன் ஓடினால் கொஞ்சம் விட்டுப் பிடிக்கலாம். இவ்வளவு வசதிக்கும் சேர்த்து ஒரே ஒரு நிபந்தனை உண்டு. அம்பு விடுமுன் பட்டனை அழுத்தியே ஆக வேண்டும்.

அழுத்தாவிட்டால் லைன் பூட்டியபடியே இருக்கும். போஃபிஷிங் அம்பு கண்ணாடி இழையில் செய்த கனமான குச்சி. சாதாரண வில்வித்தை அம்பைப்போல மூன்று மடங்குக்கும் மேல் எடை வரும். அது முழு வேகத்தில் போய் லைன் இழுபடும் இடத்தில் முட்டும்போது லைன் அறுந்து அம்பு தண்ணீரோடு போகலாம், ரீல் சீட் பிய்ந்துகொள்ளலாம். இவற்றைவிட மோசமானது, லைன் ரப்பராக நீண்டு அம்பை எய்தவரை நோக்கியே திருப்பி அனுப்புவது. இந்த விளையாட்டில் பலத்த காயம் ஏற்படும் முக்கிய வழிகளில் இது ஒன்று.

அதனால் ஸ்பின்காஸ்ட் வாங்குகிறவர் ஒரு வரிசையைக் கைக்குப் பழக்க வேண்டும்: பட்டன், 'க்ளிக்' சத்தம், லைனை விரலால் ஒரு சாண் இழுத்துப் பார்ப்பது, அதன் பிறகே நாண். அம்பைச் சுற்றி எடுத்ததுமே பட்டனை அழுத்தி வைத்துவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். போதாது. கைப்பிடி சட்டையிலோ படகின் விளிம்பிலோ பட்டு அரைச்சுற்றுச் சுற்றினாலும் ரீல் மறுபடி பூட்டிக்கொள்ளும். நாண் இழுப்பதற்கு முந்தைய நொடியில் அழுத்தியதுதான் கணக்கு.

மூன்றாவது, பாட்டில் ரீல். விஸ்கான்சினைச் சேர்ந்த ஏஎம்எஸ் நிறுவனத்தின் ரெட்ரீவர் இந்த வகையைப் பரவலாக்கியது. வில்லின் பக்கவாட்டில், குறிபார்க்கும் சைட் மாட்டும் ஓட்டைகளில் பொருத்துவார்கள். இதில் லைனைச் சுற்றி வைக்கும் ஸ்பூலே கிடையாது. லைன் ஒரு பாட்டிலுக்குள் தளர்வாகச் சுருண்டு கிடக்கும். அம்பு போகும்போது தானாக வெளியே வரும். அழுத்த வேண்டிய பட்டன் எதுவும் இல்லை. திரும்ப எடுக்க ஒரு நெம்புகோலை அழுத்திக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினால், உள்ளே இரண்டு உருளைகள் லைனைக் கவ்விப் பாட்டிலுக்குள் தள்ளும்.

எங்கள் சிபாரிசு, முதல் ரீல் வாங்குபவருக்கும் இரவில் படகில் போகிறவருக்கும் பாட்டில் ரீல்தான். இல்லினாய் ஆற்றில் வெள்ளிக் கெண்டை படகுச் சத்தத்துக்கு மிரண்டு தண்ணீருக்கு மேலே பல அடி துள்ளும். அந்த அவசரத்தில் பட்டன் யாருக்கும் நினைவில் நிற்காது.

பாட்டில் ரீலுக்கும் குறைகள் உண்டு. டிராக் கிடையாது. பெரிய மீனை ரீலால் இழுக்க முடியாது. கையுறை போட்டு லைனைக் கையால் இழுத்து, மீன் படகில் விழுந்த பிறகு தளர்ந்த லைனை ரீலுக்குள் சுற்ற வேண்டும். மீன் கனக்கும்போது கைப்பிடியைப் பலம் கொண்டு சுற்றினால் உருளைகள் வழுக்கும். நாளடைவில் தேய்ந்தும் போகும். இழுக்கும்போது லைனை உள்ளங்கையிலோ விரலிலோ சுற்றிக்கொள்ளவே கூடாது. இடக்கை, வலக்கைக்கு ரீல் தனித்தனி. நாணை எந்தக் கையால் இழுக்கிறீர்கள் என்பதைக் கடையில் சொல்லி வாங்குங்கள்.

லைன் எத்தனை பவுண்டு?

பத்து பவுண்டு கெண்டைக்கு எதற்கு 200 பவுண்டு இழுவை தாங்கும் லைன் என்று புதியவர்கள் கேட்பார்கள். அந்த 200 பவுண்டு மீனுக்கானதல்ல. குறி தப்பிய அம்பு அடிச்சேற்றில் ஒரு முழம் இறங்கிவிடும், அல்லது மூழ்கிய கட்டையில் போய்க் குத்தி நிற்கும். முனையில் இருக்கும் முட்கள் பின்னால் வரவிடாது. அதைப் பிடுங்கும் விசைதான் லைனுக்குச் சோதனை. ஓர் இரவில் மீனில் படும் அம்பைவிடச் சேற்றில் படும் அம்புதான் அதிகம்.

சேற்றுத்தரை உள்ள குளம், ஸ்பின்காஸ்ட் ரீல் என்றால் 150 பவுண்டிலேயே சமாளிக்கலாம். ஆனால் கெண்டைக்குப் பொதுவாக 200 பவுண்டு வாங்குவதே நல்லது. கல்லும் கட்டையும் நிறைந்த ஆற்றில் அதற்குக் கீழே இறங்க வேண்டாம். டெக்சாஸ், லூசியானா ஆறுகளில் ஆளுயரம் வளரும் அலிகேட்டர் கார் மீனுக்கு 400 முதல் 600 பவுண்டு போடுவார்கள். அப்போது லைனின் மறுமுனை ரீலில் இருக்கக் கூடாது. அது மிதவையில் கட்டப்பட்டு, மீன் ஓடும்போது வில்லைவிட்டே கழன்று போக வேண்டும். நூறு பவுண்டு மீன் வில்லோடு சேர்த்து இழுத்தால் ஆள் தண்ணீரில்தான்.

எதற்கும் இருக்கட்டும் என்று கெண்டைக்கே 400 பவுண்டு லைன் போடுவது வீண். தடித்த லைன் காற்றிலும் நீரிலும் அம்பை இழுத்துப் பிடிக்கும், ஆழத்தில் குத்தும் வலு குறையும். ஸ்பின்காஸ்ட் மூடிக்குள் அதற்கு இடமும் போதாது. கட்டையில் சிக்கினால் லைன் அறுவதற்கு முன் ரீலின் பிடிமானம் கழன்று வரும்.

எந்த இழை?

தூண்டிலுக்குப் போடும் ஒற்றை இழை நைலானை மறந்துவிடுங்கள். நீளும், சுருண்ட வடிவம் போகாது, பாட்டிலுக்குள் சுருட்டினால் துள்ளி வெளியே வரும். வேண்டியது பின்னல் லைன். அதிலும் மூன்று உண்டு.

பின்னிய நைலான் மலிவு. தண்ணீரைக் குடித்துக் கனக்கும், நீளும். டிரம்முக்குப் பரவாயில்லை.

டேக்ரான் பாலியஸ்டர். அதிகம் நீளாது, கொஞ்சம் பருமனாக இருக்கும், கைக்கு இதமானது. பாட்டில் ரீலுக்கு இதன் பருமனே பலம், உருளைகள் நன்றாகக் கவ்வும். பாட்டில் ரீலில் நிறுவனம் போட்டுத் தரும் லைனின் வகையையும் பருமனையும் மாற்றாதீர்கள். மெல்லிய லைன் உருளைக்குள் வழுக்கும். மிக மென்மையான லைன் பாட்டிலுக்குள் கட்டியாகச் சேர்ந்து அடுத்த அம்புக்கு ஒரே கொத்தாக வெளியே வரும்.

ஸ்பெக்ட்ரா வலுவான பாலிஎத்திலீன் இழை, அதே பலத்துக்கு மிகவும் மெல்லியது, அதனால் அம்பு வேகம் குறையாது. நீரில் மிதக்கும். ஸ்பின்காஸ்ட் ரீலுக்குப் பொருத்தம். வழவழப்பு அதிகம் என்பதால் முடிச்சு நழுவும். கையுறையில்லாமல் இழுத்தால் விரலைக் கத்தியாக அறுக்கும்.

நிறம் பளிச்சென்று இருக்கட்டும்: எலுமிச்சைப் பச்சை, ஆரஞ்சு, வெள்ளை. இங்கே மீனிடமிருந்து லைனை ஒளிக்கத் தேவையில்லை. விளக்கு வெளிச்சத்தில் லைன் எங்கே ஓடுகிறது, யார் காலுக்கடியில் கிடக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்தால் போதும். நீளம் 25 கஜம், அதாவது சுமார் 23 மீட்டர், தாராளம்.

ரீலில் ஏற்றுவது

ஸ்பின்காஸ்ட் ஸ்பூல் வழவழப்பானது. ஸ்பெக்ட்ராவை நேரடியாகக் கட்டினால் லைன் மொத்தமும் ஸ்பூலின் மேல் சுழலும், கைப்பிடி சுற்றினாலும் அம்பு வராது. முதலில் ஸ்பூலில் ஒரு சுற்றுத் துணி டேப் ஒட்டி, அதன் மேல் முடிச்சுப் போடுங்கள். பிறகு ஈரத்துணியால் லைனை இறுக்கிப் பிடித்துக்கொண்டே சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றினால், முதல்முறை சேற்றில் மாட்டிய அம்பைப் பலமாக இழுத்ததும் மேல் சுற்று கீழ்ச் சுற்றுகளுக்கு நடுவே புதைந்துவிடும். அது கண்ணுக்குத் தெரியாது. அடுத்த அம்பு பாதித் தூரத்தில் நிற்கும்போதுதான் தெரியும், அந்த நிலையில் பட்டன் அழுத்தாமல் விட்டதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. ஆகவே பலமாக ஓர் இழுப்பு இழுத்த பிறகெல்லாம், அடுத்த அம்புக்கு முன் பட்டனை அழுத்தி ஏழெட்டுக் கஜத்தைக் கையால் வெளியே இழுத்துத் திரும்பச் சுற்றிவிடுங்கள். ஸ்பூல் விளிம்புவரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். நிரம்பி வழியும் லைன் மூடிக்குள் சிக்காகும்.

அம்போடு இணைப்பது

லைனை அம்பின் பின்முனை ஓட்டையில் நேரடியாகக் கட்டாதீர்கள். நாண் பக்கத்திலேயே லைன் தொங்கும். நாணிலோ கேபிளிலோ ஒரு சுற்றுப் பட்டுவிட்டால் அம்பு திரும்பி வரும். சேஃப்டி ஸ்லைடு என்ற சிறு துண்டை அம்பில் கோத்து, லைனை அதில் கட்ட வேண்டும். அம்பை ஏற்றியதும் ஸ்லைடை வில்லுக்கு முன்னால் நகர்த்தி வையுங்கள். நாணை முழுவதும் இழுத்த நிலையிலும் லைன் வில்லுக்கு முன்புறமே இருக்கும். அம்பு பறக்கும்போது ஸ்லைடு பின்முனைக்கு நழுவி, அங்குள்ள தடுப்புத் திருகில் நிற்கும். அந்தத் திருகு தளர்ந்தால் ஸ்லைடு கழன்று அம்பு போய்விடும், ஒவ்வொரு முறையும் விரலால் இறுக்கிப் பாருங்கள்.

பாலோமர் என்ற முடிச்சு போதும். ஸ்லைடை அம்பிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். லைன் நுனியை ஒரு சாண் அளவுக்கு இரட்டையாக மடித்து, அந்த மடிப்பை ஸ்லைடின் ஓட்டையில் நுழையுங்கள். இரட்டை லைனால் தளர்வாக ஒரு சாதாரண முடிச்சுப் போட்டு, மீந்த வளையத்துக்குள் ஸ்லைடை முழுதாக நுழைத்து எடுங்கள். எச்சிலோ தண்ணீரோ தொட்டு ஈரமாக்கி, இரு பக்கமும் மெல்ல இறுக்குங்கள். ஸ்பெக்ட்ரா என்றால் முதல் முடிச்சிலேயே மடிப்பு முனையை இரண்டு முறை சுற்றுங்கள். விரல் அகலம் வால் விட்டு வெட்டி, லைட்டரால் நுனியை உருக்கிக் குண்டாக்குங்கள். வாலைக் கட்டையாக வெட்டினால் ஈரம் பட்டதும் நழுவும்.

அம்பு கட்டையில் மாட்டிக்கொண்டால் ரீலால் இழுக்காதீர்கள். லைனைப் படகின் கொண்டியில் சுற்றி, லைன் போகும் திசையிலிருந்து எல்லாரும் விலகி நின்று, படகை மெதுவாக நகர்த்துங்கள். கண்ணாடி அணிந்திருப்பது நல்லது, விடுபட்ட அம்பு விர்ரென்று படகை நோக்கித்தான் வரும்.

ரீல், லைன் பேச்சுக்கு நடுவே மீனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அம்பு பட்ட மீனைத் திரும்ப விட முடியாது. கெண்டை வெளியிலிருந்து வந்த இனம். அதைப் போலவே தோன்றும் பிக்மௌத் பஃபலோ அந்த மண்ணின் மீன், நூறு வயதைத் தாண்டியும் வாழும் என்று 2019இல் ஆய்வு வெளியானது. சாதாக் கெண்டைக்கு வாயோரம் மீசை இருக்கும், பஃபலோவுக்கு இருக்காது. தெரியாத மீனை அடிக்காதீர்கள். மீன்பிடி உரிமமும், எந்த இனத்தை எப்போது எத்தனை அடிக்கலாம் என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அந்தந்த மாநில வனவிலங்குத் துறையின் அந்த ஆண்டுக் கையேட்டைப் பார்த்துவிட்டே இறங்குங்கள்.

பராமரிப்பு

லைன் முதலில் தேய்வது அம்புப் பக்கத்துக் கடைசி ஆறடியில். கல், கட்டை, மீனின் செதில் எல்லாம் உரசுவது அங்கேதான். கார் மீனின் செதில் எலும்பைப் போல் கடினமானது, விளிம்பும் கூர்மை. ஒவ்வொரு முறை புறப்படுமுன்பும் அந்த ஆறடியைக் கட்டைவிரல் நகத்தால் தடவிப் பாருங்கள். பிசிர் தட்டினால் அதுவரை வெட்டிவிட்டுப் புதிதாக முடிச்சுப் போடுங்கள். லைன் 20 கஜத்துக்குக் கீழே குறைந்ததும் முழுவதையும் மாற்றுங்கள். நிறைய அடிப்பவர் ஆண்டுக்கொரு முறை எப்படியும் மாற்றிவிடுவதே மேல்.

பாட்டிலில் மணலும் சேறும் தங்கும். வீடு வந்ததும் லைனை வெளியே இழுத்து, பாட்டிலை நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் காயவிட்டுத் திரும்பச் சுற்றுங்கள். ஸ்பின்காஸ்டின் மூடியைக் கழற்றித் துடைத்து, கியரில் துளி கிரீஸ் விடுங்கள். உப்பு நீரில் அடித்தால் அன்றிரவே இதைச் செய்துவிட வேண்டும், மறுநாள் என்றால் துரு முந்திக்கொள்ளும். ரீல் சீட்டின் திருகையும் அப்போதே இறுக்குங்கள். அம்பு விடும் அதிர்வில் அது தளர்ந்துகொண்டே இருக்கும்.

படகுப் பையில் 25 கஜம் மாற்று லைன், இரண்டு ஸ்லைடு, தடுப்புத் திருகுகள், கத்திரி, லைட்டர், கையுறை இருக்கட்டும்.