பள்ளி வேலையில் இருந்துகொண்டே முனைவர் பட்டம்: கொங்குப் பகுதி ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

பள்ளி நிர்வாகத்தில் பிஎச்.டி. செய்யலாமா என்று யோசிக்கும் ஆசிரியர்கள், தலைமையாசிரியர்கள் முதலில் கேட்பது ‘எந்த யுனிவர்சிட்டி சார்?’ என்றுதான். அதற்குப் பதில் சொல்வது சுலபம். ஆனால் பதிவு செய்துவிட்டுப் பாதியில் நிற்கிறவர்களிடம் பேசிப் பார்த்தால், பலரை மாட்டவைத்தது ஆய்வுத் தலைப்புதான். அதனால் மற்ற படிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, தலைப்புக்கு நிறைய இடம் கொடுக்கிறேன்.

முதலில் ஒரு தெளிவு. அமெரிக்காவில் ‘எஜுகேஷனல் லீடர்ஷிப்’ என்ற பெயரிலேயே முனைவர் பட்டம் கிடைக்கும். பணியில் இருக்கும் பள்ளி நிர்வாகிகளுக்கென்று ‘எட்.டி.’ என்ற பட்டமும் அங்கே உண்டு. நம் பக்கம் பொதுவாகக் கிடைப்பது கல்வியியலில் பிஎச்.டி. பள்ளி நிர்வாகமும் தலைமைத்துவமும் அதற்குள் நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஆய்வுப் பகுதி. எனவே அந்தப் பெயரில் விளம்பரம் வரவில்லையே என்று காத்திருக்க வேண்டாம்.

படி 1: தகுதியும் அனுமதியும்

2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகள்தான் இப்போது அடிப்படை. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். பட்டியலினத்தவர், பழங்குடியினர், கிரீமி லேயரில் வராத பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு 5 சதவீதம் தளர்வு. படிப்புக் காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு வரை நீட்டிப்பு கிடைக்கும். எம்.ஃபில். முடித்துவிட்டுத்தான் வரவேண்டும் என்பது பழைய கதை.

பகுதி நேரமாகச் செய்யலாம், தொலைநிலைக் கல்வியில் செய்ய முடியாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளவே கூடாது. ‘வீட்டில் இருந்தபடியே பிஎச்.டி., எல்லாம் நாங்க பாத்துக்கறோம்’ என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பகுதி நேரம் என்றால் வேலை பார்க்கும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். படிக்க அனுமதி உண்டு, ஆய்வுக்கு ஒதுக்க உங்கள் பணியில் நேரம் இருக்கிறது, தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க்குக்காக (ஆய்வுக்கு முன் படித்து முடிக்க வேண்டிய பாடங்கள்) பணியிலிருந்து விடுவிப்போம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். மூன்றாவதை எழுதித்தரத்தான் நிர்வாகங்கள் தயங்கும். அரசுப் பள்ளி என்றால் கோப்பு உரிய வழியாக மேலே போய்த் திரும்பி வர நாளாகும். பல்கலைக்கழக அறிவிப்பு வரட்டும் என்று இருக்காமல் இப்போதே விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

படி 2: எங்கே

கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரிக்குப் பாரதியார் பல்கலைக்கழகம். சேலம், நாமக்கல்லுக்குப் பெரியார் பல்கலைக்கழகம். கல்வியியல் கல்லூரிகள் வழியாகச் சேர்வதென்றால் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். பெண்களுக்குக் கோவை அவினாசிலிங்கம் நிறுவனம் இருக்கிறது. அதைத் தொடங்கிய தி.சு. அவினாசிலிங்கம் திருப்பூரில் பிறந்தவர். சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தவர். பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயாவும் அவர் தொடங்கியதுதான். பள்ளி நிர்வாகத்தின் வரலாற்றை ஆராய நினைப்பவருக்கு இங்கேயே நல்ல களம் இருக்கிறது.

நுழைவுத் தேர்வில் பாதி ஆய்வு முறையியல், பாதி பாடம். 2024 முதல் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) மதிப்பெண்ணை வைத்தும் பிஎச்.டி. சேர்க்கை நடக்கிறது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் அறிவிப்பையும் முழுசாகப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

படி 3: தலைப்பு

இங்கே நின்று நிதானமாக வேலை பார்க்க வேண்டும். ‘தலைமையாசிரியர்களின் தலைமைப் பண்பும் ஆசிரியர்களின் பணித்திருப்தியும்’ என்று பலர் எழுதிக்கொண்டு வருவார்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுத்து வைக்கும் ஷோத்கங்கா தளத்தில் தேடினால் அதே சாயலில் ஆய்வேடுகள் வரிசையாக வரும். உங்கள் பள்ளி ஆபீஸ் அறையில் உங்களை உறுத்தும் விஷயம் எதுவோ, அதிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு எடுத்துக்காட்டு. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி ஊர்ப் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும். தீர்மான நோட்டைத் திறந்தால் எல்லோர் கையெழுத்தும் இருக்கிறது. ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர் எத்தனை பேர், அடுத்த நாள் பையனிடம் நோட்டைக் கொடுத்து அனுப்பி வாங்கிய கையெழுத்து எத்தனை என்று அந்த நோட்டு சொல்லாது. ஒரு உறுப்பினரிடம் கேட்டால், ‘ஏனுங்க சார், மூணு மணிக்குக் கூட்டம்னா எப்படிங்க வர்றது? தறிய நிறுத்துனா கூலி போயிருமுங்க’ என்பார்.

இந்தப் பதிலில் ஒரு ஆய்வே இருக்கிறது. கூட்டம் வைக்கும் நேரத்தை யார் முடிவு செய்கிறார்கள்? ஷிஃப்ட்டுக்குத் தக்கபடி நேரத்தை மாற்றிய தலைமையாசிரியர் உண்டா? மாற்றிய பள்ளியில் எந்த மாதிரித் தீர்மானங்கள் வருகின்றன? ‘தலைமைப் பண்பு’ என்ற பெரிய சொல், தலைமையாசிரியர் எடுக்கும் ஒரு முடிவாகக் கைக்குள் வந்துவிடுகிறது. அப்புறம் தலைப்பைச் சுருக்குங்கள்: எந்த வட்டாரம், எந்த வகைப் பள்ளி, எந்த முடிவு. ‘விசைத்தறித் தொழில் நடக்கும் வட்டாரங்களில் பள்ளி மேலாண்மைக் குழுப் பங்கேற்பும் தலைமையாசிரியர்களின் முடிவெடுக்கும் முறையும்’ என்றால் ஓரளவு சரி.

இதேபோல் திருப்பூரில் ஒடியா, இந்தி பேசும் பிள்ளைகள் வருடத்தின் நடுவில் வந்து சேர்வதைப் பள்ளி எப்படிச் சமாளிக்கிறது என்று பார்க்கலாம். பர்கூர் மலையிலோ வால்பாறை எஸ்டேட்டிலோ ஒற்றை ஆசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் நிர்வாக வேலை வகுப்பு நேரத்தை எவ்வளவு தின்கிறது என்றும் பார்க்கலாம். நாமக்கல் தனியார் விடுதிப் பள்ளிகளில் முதல்வருக்கு உண்மையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதும் நல்ல கேள்விதான், ஆனால் உள்ளே விடுவார்களா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் சொந்தப் பள்ளியையே ஆய்வுக் களமாக்காதீர்கள். உங்கள் கீழ் வேலை பார்க்கும் ஆசிரியர் உங்களைப் பற்றிய கேள்வித்தாளில் உள்ளதை உள்ளபடி எழுத மாட்டார்.

படி 4: நெறியாளர்

உங்கள் ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளர் ஒரே சமயத்தில் இத்தனை மாணவர்களைத்தான் எடுக்கலாம் என்று வரம்பு உண்டு: பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரை. எனவே இடம் காலியா என்று முதலில் கேளுங்கள். ஓய்வுபெற 3 ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக ஆள் எடுக்க முடியாது, அதையும் பாருங்கள். இரண்டு பக்கத்தில் உங்கள் கேள்வியை எழுதிக்கொண்டு நேரில் போங்கள். ‘மேடம், நீங்களே ஒரு டாபிக் குடுங்க’ என்று போய் நின்றால், அவருக்குத் தேவையான தலைப்புதான் வரும். அதை வருடக்கணக்கில் சுமப்பது நீங்கள்.

படி 5: கோர்ஸ் ஒர்க்கும் களப்பணியும்

கோர்ஸ் ஒர்க் 12 முதல் 16 கிரெடிட் வரை, அதில் ஆய்வு நெறிமுறைத் தாளும் உண்டு. 55 சதவீதம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு செமஸ்டரிலும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும்.

கேள்வித்தாளைப் புதிதாக உருவாக்கும் முன், ஏற்கெனவே சோதிக்கப்பட்ட அளவுகோல் இருக்கிறதா என்று பாருங்கள். தலைமையாசிரியரின் கற்பித்தல் தலைமையை அளக்கக் கல்வி ஆய்வாளர் ஹாலிஞ்சர் 1980களில் உருவாக்கிய அளவுகோல் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அனுமதி வாங்கித் தமிழாக்கி, வேறொருவரை வைத்து மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றி ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு சிறு குழுவிடம் கொடுத்துச் சோதியுங்கள். எத்தனை பேரிடம் கேட்பது என்பதற்குக் கிரெஜ்சி–மார்கன் அட்டவணையைப் பலரும் பார்ப்பார்கள். 1,000 ஆசிரியர்கள் உள்ள பரப்புக்கு அது 278 பேர் என்கிறது.

பள்ளிகளுக்குள் போக முதன்மைக் கல்வி அலுவலரின் கடிதம் வேண்டும். தேதி குறிப்பதிலும் கவனம் தேவை. ஜூனில் சேர்க்கை வேலை, மார்ச்சில் பொதுத்தேர்வு, இரண்டும் ஆகாது. அந்தியூர்ப் பக்கம் ஆடியில் குருநாதசாமி திருவிழா சமயத்தில் போனால் யாரும் கிடைக்க மாட்டார்கள். கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு வந்துவிடாமல் கூடவே இருந்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.

படி 6: எழுதிச் சமர்ப்பிப்பது

மற்றவர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் 10 சதவீதம் வரை நடவடிக்கை இல்லை. உங்கள் வார்த்தையிலேயே எழுதினால் அந்த எண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆய்வேட்டை வெளித் தேர்வாளர்கள் இருவர் மதிப்பிடுவார்கள், பிறகு வைவா (வாய்மொழித் தேர்வு). புள்ளியியல் கணக்கை வேறொருவர் போட்டுக் கொடுத்திருந்தால் அங்கே தெரிந்துவிடும். ஜமோவி போன்ற இலவச மென்பொருளை வைத்து நீங்களே போடப் பழகுங்கள். ஆய்வேட்டின் மின்படி ஷோத்கங்காவில் ஏறிவிடும். தகவல் கொடுத்த பள்ளிகளுக்கு, கண்டுபிடித்ததை இரண்டு பக்கத் தமிழில் எழுதி நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.