பழைய மியாட்டாவுக்கு சஸ்பென்ஷன் மாத்தப் போறீங்களா? எதுல ஆரம்பிக்கணும், எதை அவசரப்பட்டு வாங்கக்கூடாது

மாஸ்டா எம்எக்ஸ்-5 முதல் தலைமுறை, அமெரிக்காவுல எல்லாரும் மியாட்டான்னு கூப்பிடுறது, ஜப்பான்ல யூனோஸ் ரோட்ஸ்டர்னு வித்தது, 1989 பிப்ரவரில சிகாகோ ஆட்டோ ஷோல காட்டினாங்க, 1997 வரைக்கும் செஞ்சாங்க. அதாவது கடைசியா வந்த வண்டிக்கே இப்ப இருபத்தஞ்சு வயசு தாண்டிடுச்சு. நான் ஒஹையோவுல வச்சிருக்கறது 1992 மாடல், 1.6 லிட்டர். இந்த வண்டிய வாங்கினவங்க என்கிட்ட முதல்ல கேக்குறது எந்த காயிலோவர் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒண்ணா சேர்ந்த, உயரம் மாத்தக்கூடிய செட்) நல்லதுன்னுதான், ஆனா அந்தக் கேள்விக்கு முன்னாடி கேக்க வேண்டியது நாலஞ்சு இருக்கு.

இந்த வண்டி ஏன் இவ்ளோ நல்லா திரும்புதுன்னு முதல்ல மனசுல வாங்கிக்கோங்க. எடை ஆயிரம் கிலோ கிட்ட, முன்னாடி பின்னாடி கிட்டத்தட்ட சரி பாதி, நாலு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் (மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு சக்கரத்தைப் பிடிக்கிற ரெண்டு ஆர்ம்), ஸ்பிரிங் நல்ல மெத்துன்னு இருக்கும். வளைவுல வண்டி சாயும், சாயட்டும், ஆனா டயர் ரோட்டை விடாது. அதனால நாம செய்ற எந்த மாற்றமும் அந்த டயர் ரோட்டை இன்னும் நல்லா பிடிக்க உதவணும். வண்டி சாயாம இருக்கணும்னு மட்டும் பாத்து கல்லு மாதிரி ஆக்கிட்டா, மேடு பள்ளம் உள்ள ரோட்டுல தத்தித் தத்திதான் போகும், வேகமும் குறையும்.

முதல் வேலை டயர். பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், உதாரணமா 2315ன்னா 2015-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். இந்த வண்டிங்க வருஷத்துல பாதி நாள் ஷெட்டுலயே கிடக்கறதால பட்டன் தேயாது, பாக்க புதுசு மாதிரியே இருக்கும், ஆனா ரப்பர் காஞ்சு போயிருக்கும். பத்து வருஷ டயரை வச்சுக்கிட்டு சஸ்பென்ஷனை குறை சொல்றதுல பிரயோஜனமே இல்ல. கம்பெனில வந்த அளவு 185/60ஆர்14, அந்த அளவுலயே நல்ல டயர் போட்டு ஒரு மாசம் ஓட்டிட்டு அப்புறம் யோசிங்க.

அடுத்தது புஷ், அதாவது அந்த ஆர்ம்கள் வண்டியோட சேர்ற இடத்துல இருக்கற ரப்பர் துண்டு. எல்லாரும் தள்ளிப் போடுற வேலை இதுதான், ஆனா பலன்ல பாதி இங்கதான் இருக்கு. இந்த கன்ட்ரோல் ஆர்ம் புஷ் எல்லாம் ரப்பர், முப்பது வருஷத்துல வெடிச்சிருக்கும், இல்ல பிஞ்சிருக்கும். பிரேக் அடிக்கும்போது வண்டி லேசா ஒரு பக்கம் இழுக்குதா, நேர் ரோட்டுல ஸ்டீயரிங்கை சும்மா சும்மா திருத்திக்கிட்டே இருக்கீங்களா, அப்ப இதைத்தான் பாக்கணும். ஜாக்கி போட்டு தூக்கி (ஸ்டாண்டு வைக்காம கீழ போகவே போகாதீங்க) சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க, ஆட்டம் தெரிஞ்சா வீல் பேரிங்கா பால் ஜாயின்ட்டான்னு பாத்து அதை முதல்ல சரி பண்ணுங்க.

புஷ் மாத்தும்போது ஒரு விஷயத்தை மறக்கவே கூடாது. ரப்பர் புஷ் உள்ள இருக்கற இரும்புக் குழாயோட ஒட்டியே வரும், அதனால போல்ட்டை இறுக்குற நேரத்துல ஆர்ம் எந்த நிலையில இருக்கோ அதுதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. வண்டி தரையில நிக்கிற உயரத்துல வச்சுத்தான் இறுக்கணும். எனக்கு ஒரு பட்டறைல வண்டி லிஃப்ட்டுல தொங்கும்போதே எல்லா போல்ட்டையும் இறுக்கிக் குடுத்துட்டாங்க, வண்டி ஒரு அங்குலம் மேல தூக்கிக்கிட்டே நின்னுச்சு, ஒரே வருஷத்துல ரெண்டு புஷ் கிழிஞ்சு போச்சு. அந்த வேதனை உங்களுக்கு வேணாம், வேலை குடுக்கும்போதே வாய் விட்டு சொல்லிடுங்க.

ரப்பருக்கு பதிலா கெட்டி பிளாஸ்டிக் மாதிரி இருக்கற பாலியுரேத்தேன் புஷ் போடலாமான்னா, போடலாம், ஸ்டீயரிங் கூர்மையாவே ஆகும், ஆனா அப்பப்ப கிரீஸ் வைக்கணும், இல்லன்னா கீச்சு கீச்சுன்னு கத்தும். தினசரி ஓட்ட, லாங் டிரைவ் போக, புது ரப்பரே போதும்ங்கறது என் கருத்து.

புஷ்ஷை தொட்டீங்கன்னா அலைன்மென்ட் போல்ட்டும் கூடவே வரும். கீழ் ஆர்ம்கள்ல மொத்தம் எட்டு கேம் போல்ட், அதைத் திருப்பித்தான் கேம்பர் (சக்கரத்தோட மேல்பக்கம் உள்ளயோ வெளியவோ சாயுற கோணம்), முன்னாடி கேஸ்டர் (ஸ்டீயரிங் அச்சு பின்பக்கமா சாயுற கோணம்), பின்னாடி டோ (சக்கரத்தோட முன்பக்கம் உள்ளயோ வெளியவோ திரும்பியிருக்கறது) எல்லாம் வைக்கணும். எங்க ஊர் மாதிரி குளிர்காலத்துல ரோட்டுல உப்பு போடுற இடத்துல இது துரு பிடிச்சு புஷ்ஷோட குழாய்க்குள்ளயே ஒட்டிக்கும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்கணும். அதனால வேலை நாளுக்கு ஒரு வாரம் முன்னாடியே தினமும் துருவை இளக்குற எண்ணெய் அடிச்சு வைங்க, நாலு புது போல்ட்டாவது கையில இருக்கட்டும், போடும்போது ஆன்டி-சீஸ் (போல்ட் ஒட்டிக்காம இருக்கறதுக்கான பசை) தடவிப் போடுங்க.

அலைன்மென்ட்டுக்கு நான் ரோட்டு ஓட்டத்துக்கு வச்சிருக்கறது: முன்னாடி கேம்பர் மைனஸ் 1 டிகிரி, கேஸ்டர் 5 டிகிரி கிட்ட, டோ பூஜ்யம். பின்னாடி கேம்பர் மைனஸ் 1.5, டோ உள்பக்கமா மொத்தம் ரெண்டு மூணு மில்லிமீட்டர். பின்னாடி டோ வெளிப்பக்கம் போச்சுன்னா மழையில வண்டி வால் வீசும், அதுல மட்டும் விளையாடாதீங்க. ஓட்டுறவர் எடைக்கு சீட்டுல ஏதாவது வச்சு எடுக்கச் சொல்லுங்க, இவ்ளோ லேசான வண்டில அது நல்லாவே தெரியும்.

இதெல்லாம் முடிஞ்சு ஒரு மாசம் ஓட்டின பிறகு நிறைய பேருக்கு வேற எதுவுமே வேணாம்னு தோணிடும், உண்மையாவே சொல்றேன். இன்னும் வேணும்னா அடுத்தது ஷாக். ஸ்பிரிங் எடையைத் தாங்கும், ஷாக் அந்த ஸ்பிரிங்கோட ஆட்டத்தை அடக்கும், ரெண்டும் ஜோடி. பழைய ஷாக்கை வச்சுக்கிட்டு கெட்டியான ஸ்பிரிங் மட்டும் போட்டா வண்டி குதிச்சுக்கிட்டே இருக்கும். ஸ்பிரிங்கை அறுத்து உயரம் குறைக்கிறது அதைவிட மோசம், சக்கரம் முழுசா கீழ தொங்கும்போது ஸ்பிரிங் இடத்தைவிட்டு நகர்ந்துடும்.

கம்பெனி ஸ்பிரிங்கோட இருக்கப் போறீங்கன்னா பில்ஸ்டீன்ல பி6, வண்டி உயரத்தை இறக்குற ஸ்பிரிங் போடப் போறீங்கன்னா உடம்பு குட்டையான பி8, ரெண்டையும் மாத்தி வாங்கிடாதீங்க. கோனி மஞ்சள் ஷாக்ல ரீபவுண்டை (அமுங்கின ஷாக் திரும்ப நீள்றதை எவ்ளோ அடக்கணும்ங்கறதை) மேல இருந்தே திருகி மாத்திக்கலாம், வார நாள்ல லூசா, மலை ரோட்டுக்கு கொஞ்சம் டைட்டா வச்சுக்க ஆசைப்படுறவங்களுக்கு அது ஒத்து வரும். எதை வாங்கினாலும் புது பம்ப் ஸ்டாப்பும் (ஷாக் முழுசா அமுங்கும்போது இடிக்காம தாங்குற மெத்துத் துண்டு) சேர்த்து வாங்குங்க, பழசு தொட்டா பொடிப்பொடியா உதிரும். இந்த வண்டில சக்கரம் மேல ஏற இடமே கம்மி, பள்ளத்துல சீக்கிரமே பம்ப் ஸ்டாப்புல போய் உக்காந்துடும், அதனால அதுவும் ஒரு ஸ்பிரிங் மாதிரிதான் வேலை செய்யுது. ரெண்டாம் தலைமுறை வண்டியோட மேல் மவுண்ட் (ஷாக்கோட மேல்முனையை வண்டியோட பிடிக்கிற பாகம்) இதுலயும் உக்காரும், அதைப் போட்டா கொஞ்சம் கூடுதல் டிராவல், அதாவது சக்கரம் மேல கீழ போக இடம், கிடைக்கும், ஷாக்கோட மேல்முனைக்கு பொருந்துற புஷ்ஷும் வாஷரும் சேர்த்துப் பாத்து வாங்கணும். செலவு கம்மி, பலன் அதிகம், எனக்கு ரொம்பப் பிடிச்ச மாற்றம் இதுதான்.

வண்டி உயரத்தை இறக்குறது பத்தி. பாக்க அழகுதான், மறுக்கல. ஆனா இருக்கற கொஞ்ச டிராவலையும் தின்னுடும். சக்கரத்தோட நடு மையத்துல இருந்து அதுக்கு நேர் மேல இருக்கற ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் அளந்து பாருங்க, ரோட்டு வண்டின்னா நான் 13 அங்குலத்துக்கு கீழ போக மாட்டேன். காயிலோவர்தான் வேணும்னா முன்னாடி பின்னாடி ஸ்பிரிங் ரேட் (ஸ்பிரிங் எவ்ளோ கெட்டிங்கற அளவு) எவ்ளோன்னு கேளுங்க, 1 கிலோ/மிமீன்னா 56 பவுண்ட்/இஞ்ச், அந்தக் கணக்கை வச்சு ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடலாம். ரேட்டைச் சொல்லத் தெரியாத ஆள்கிட்ட வாங்காதீங்க. ஷாக்கோட உடம்பு நீளத்தை தனியா மாத்தக்கூடிய வகையா, இல்ல ஸ்பிரிங் தட்டை ஏத்தி இறக்குறது மட்டும்தானான்னும் பாருங்க, முதல் வகையில உயரம் குறைச்சாலும் டிராவலைக் காப்பாத்தலாம்.

ஆன்டி-ரோல் பார், அதாவது சாய்வைக் குறைக்க இடது வலது சக்கரத்தை இணைக்கிற கம்பி, கடைசி. முன்னாடி கொஞ்சம் தடிச்ச பார் போட்டா சாய்வு குறையும், திருப்பினதும் சட்டுன்னு கேக்கும். பின்னாடி தடி பார் போடணும்னா உங்க டிஃபரன்ஷியல் (இன்ஜின் சக்தியை ரெண்டு பின் சக்கரத்துக்கும் பிரிச்சுக் குடுக்கற பாகம்) எதுன்னு தெரிஞ்சுக்கிட்டு போடுங்க, 1.6 வண்டிகள் நிறைய சாதாரண ஓப்பன் டிஃபரன்ஷியலோடதான் வந்துச்சு. அதுல பின் பார் கெட்டியானா வளைவுல உள்பக்க சக்கரம் லேசாயிடும், ஆக்சிலரேட்டர் மிதிச்சதும் அது சும்மா சுத்தும், வண்டி முன்ன போகாது. 1994-ல 1.8 வந்தப்ப டார்சன் (ஒரு சக்கரம் சும்மா சுத்துறதைக் குறைக்கிற டிஃபரன்ஷியல்) ஆப்ஷனா வந்துச்சு, அது இருந்தா இந்தப் பிரச்சனை கம்மி.

ஷாக்கை பிரிக்கும்போது ஸ்பிரிங்கை கம்ப்ரஸர் போட்டு அமுக்காம மேல் நட்டை தொடாதீங்க, அந்த ஸ்பிரிங் தெறிச்சா ஆளையே அடிச்சுப் போட்டுடும். எல்லாம் மாட்டி ஒரு முந்நூறு கிலோமீட்டர் ஓடினதும் எல்லா நட்டையும் டார்க் ரெஞ்ச்ல (சரியான இறுக்கத்துக்கு அளவு வச்சு இறுக்குற ஸ்பேனர்) இன்னொரு தடவை பாத்துட்டு, ஸ்பிரிங் படிஞ்சு உயரம் இறங்கியிருக்கும்ங்கறதால மறுபடி அளந்து, அதுக்கு அப்புறம்தான் அலைன்மென்ட்டுக்கு காசு குடுங்க. வெளிய வரும்போது நம்பர் போட்ட பிரின்ட்டை கேட்டு வாங்கி டிக்கிக்குள்ள போட்டு வைங்க, அடுத்த தடவை எதையாவது மாத்திட்டு பிடிக்கலன்னா திரும்பி வர்றதுக்கு அந்தக் காகிதம்தான் வழி.